பறவை வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. கோடையில் மருத்துவ முகாமும், பொங்கலையொட்டிச் சிறுவர்களுக்கான ஓவியப் போட்டியும் வழக்கம்போல் நடைபெற்றன.

என் நேரத்தின் பெரும்பகுதி, புதிதாகப் பறவை வளர்க்க விரும்புவோருக்கு அதை எங்கே வாங்குவது என்று வழிகாட்டுவதிலேயே சென்றது. இது சங்கத்தின் வேலையா என்று செயற்குழுவில் கேட்கப்பட்டதால், காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். சங்கத்தில் சேரும் முன் நான் ஒரு வாரச் சந்தையில் காக்டெயில் எனப்படும் கொண்டைக் கிளி ஒன்று வாங்கினேன். "ரொம்ப சாது, கையிலேயே உட்காரும்" என்றார் விற்றவர். இறகைச் சிலிர்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது சாதுவான குணத்தால் அல்ல, நோயால் என்பதும், மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது அதன் அடையாளம் என்பதும் எனக்கு அன்று தெரியாது. வீட்டில் கையில் எடுத்தபோது நெஞ்செலும்பு கத்தி முனைபோல் தட்டுப்பட்டது. ஒன்பதாம் நாள் அது இறந்தது. அதே அறையில் வைத்திருந்த இரண்டு லவ் பேர்ட்ஸும் (பட்ஜிகர் எனும் சிறு கிளிகள்) அடுத்தடுத்துப் போயின. புதுப் பறவையை முப்பது நாளாவது தனி அறையில் வைக்க வேண்டும் என்று சொல்ல அன்று எனக்கு ஒருவரும் இல்லை.

ஆகவே இவ்வாண்டு சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, பிராட்வே, சில கடைகள், வீட்டில் குஞ்சு பொரிக்க வைப்போரின் கூண்டுகள் என நேரில் சென்று பார்க்கத் திட்டமிட்டோம். பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் வெள்ளிக்கிழமை காலை வந்தவர்கள் இருவர். அதன்பின் பெரும்பாலும் நான் தனியாகவே சென்றேன். வர இயலாதவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது என் வருத்தம்.

கண்டவற்றிலிருந்து நான் தெளிந்தது இதுதான்: பறவை பொரிந்த இடத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சந்தையில் அடுக்கிய கூண்டுகளில் மேல்கூண்டின் எச்சம் கீழ்க்கூண்டின் தண்ணீர்க் கிண்ணத்தில் விழுகிறது. பல ஊர்ப் பறவைகள் ஒரே காற்றைச் சுவாசிக்கின்றன. கடை என்றால், 2018ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். வளர்ப்பவர் வீட்டில்தான் தாய், தந்தைப் பறவைகளையும் அவை முட்டையிடும் பானையையும் பார்க்க முடியும். குஞ்சின் காலில் முதல் சில நாள்களிலேயே மாட்டிய மூடிய வளையம் கூண்டில் பிறந்ததற்கு நல்ல சான்று. கால் வளர்ந்தபின் அதை மாட்ட முடியாது. லவ் பேர்ட்ஸ் குஞ்சின் நெற்றிக் கோடுகள் மூக்குவரை இறங்கியிருந்தால் அது இளங்குஞ்சு. ஆனால் தினையைத் தானாக உமி நீக்கித் தின்பதைக் கண்ணால் பார்த்த பின்பே வாங்குங்கள். கையால் ஊட்டினால்தான் பாசம் வரும் என்று சொல்லி, இரை எடுக்கத் தெரியாத குஞ்சைத் தருவோரிடம் தயவுசெய்து வாங்காதீர்கள்.

பச்சைக்கிளியும் முனியா எனும் சிறு குருவியும் எவரிடமிருந்தும் வாங்கக் கூடாதவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைப் பிடிக்கவும் விற்கவும் தடை செய்கிறது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். அது வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு இதுபற்றி இருமுறை கடிதம் எழுதினேன். பாதிப் பேர் பதில் எழுதவில்லை. லவ் பேர்ட்ஸுக்கும் காக்டெயிலுக்கும் இப்பதிவு தேவையில்லை.

வீடு மாறுவோரிடமிருந்து நான்கு பறவைகள் கூண்டோடு சங்கத்தின் வழியாக வேறு வீடு சேர்ந்தன. பழக்கப்பட்ட, குணம் தெரிந்த பறவையைப் பெற இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து.

வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக இருந்தன. விவரத்தைப் பொருளாளர் வைப்பார். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இரண்டு ஆண்டுச் சந்தாவை நிலுவையில் வைத்துள்ளனர். பறவை வாங்குவோருக்கான வழிகாட்டித் தாளின் அச்சுச் செலவை இதனால் நானே ஏற்க நேர்ந்தது. தலைவர், பொருளாளர், முகாமுக்கு வந்த மருத்துவர்கள், இடம் தந்த பள்ளி நிர்வாகம் அனைவருக்கும் நன்றி.

வளர்ப்போர் வீடுகளில் இன்னும் பாதியைப் பார்க்கவில்லை. வரும் ஆண்டில் இப்பணியைத் தனி ஒருவனாகத் தொடர என்னால் இயலாது. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் தரக்கூடிய நான்கு பேர் இன்று பெயர் கொடுத்தால், செயலாளர் பொறுப்பில் தொடர்வது பற்றி நான் சிந்திக்க இயலும். சந்தா நோட்டு பொருளாளரின் மேசையில் இருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்