சாருக்கு, முதல் ஏழு படங்களைப் பற்றி

சார்,

நேற்று உங்கள் வருடத் திதிக்கு வந்திருந்தேன். கிளம்பும்போது உங்கள் மகள் ஒரு பழுப்பு உறையைக் கையில் வைத்தாள். "உங்க பேர் எழுதியிருக்குக்கா" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

யாஷிகா கேமராவின் பின்மூடியைத் திறந்து பிலிமில் வெளிச்சம் படவிட்டதற்கு நான் மன்னிப்பே கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை சார். 36 படமும் முடிந்து, பிலிமை நகர்த்தும் லீவர் நின்றுவிட்டது. திருப்பிச் சுற்றும் கைப்பிடியும் இறுகி நின்றது. சுற்றி முடிந்துவிட்டது என்று நினைத்துத் திறந்தேன். அடியில் இருக்கும் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் சுற்ற வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்த அன்று நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. சரி, கேட்டிருக்க வேண்டியது நான்தான்.

இரண்டு வினாடி இருக்கும். ஓடிவந்து மூடினீர்கள். திட்டவில்லை. "அம்மா படம் அதுலதான் இருக்கு" என்றீர்கள், என்னைப் பார்க்காமல். அந்த வாரம் உங்கள் வீட்டில் நடந்ததை இங்கே எழுதமாட்டேன். வீட்டார் படிப்பார்கள்.

அப்புறம் நான் இருட்டறைப் பக்கமே வரவில்லை. ஊட்டிக் குளிரில் படம் கழுவும் டெவலப்பர் கரைசலை 20 டிகிரிக்குக் கொண்டுவர, பாட்டிலை வெந்நீர்ச் சட்டியில் நிறுத்திவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டு காத்திருப்போமே. சிவப்பு விளக்கில் தட்டை ஆட்ட ஆட்ட, வெள்ளைத் தாளில் முதலில் முடியும் கண்ணும், பிறகு மெல்ல முகமும் ஏறி வருமே. அதையெல்லாம் விட்டேன். உங்கள் எதிரே வந்துவிடக் கூடாதென்று வேறு மாடிப்படியில் ஏறி இறங்கினேன்.

உறைக்குள் அந்த ரோலின் நெகட்டிவும், எல்லாப் படங்களையும் சின்னதாக ஒரே தாளில் போட்ட கான்டாக்ட் ஷீட்டும் இருந்தன. முதல் 7 படங்களும் நன்றாக இருக்கின்றன சார். முதலில் எடுத்தவை உருளையின் உள்சுற்றில் இருந்ததால், வெளிச்சம் மேல்சுற்றுகளோடு நின்றிருக்கிறது. மூன்றாவதில் பாட்டி வாய்விட்டுச் சிரிக்கிறார். நம் ஊட்டி இந்து நகர் பிலிம் தொழிற்சாலையில் செய்த பிலிம். தொழிற்சாலை மூடிவிட்டது, பாட்டியின் சிரிப்பு அப்படியே இருக்கிறது.

ஷீட்டின் பின்னால் உங்கள் கையெழுத்தில் தேதி. நான் மூடியைத் திறந்த ஐந்தாம் நாள்.

ஐந்தே நாளில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதன்பின் இரண்டு வருடம் வராந்தாவில் என்னைப் பார்த்தீர்கள். உறையில் என் பெயரை எழுதிய உங்களால், கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையா? நீதானே ஓடி ஒளிந்தாய் என்பீர்கள். 14 வயதுப் பிள்ளை ஓடத்தான் செய்யும். பெரியவர் நீங்கள். இத்தனை வருடம் உங்கள் அம்மாவின் முகத்தை அழித்தவளாகவே என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது நான் எடுத்தது. கேமராவைக் கொடுத்த கையோடு உங்களைத்தான் எடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு பக்கம் முழுக்க வெளுத்துவிட்டது. தோளும், "தள்ளி நில்லு" என்று நீட்டிய கையும் தெரிகின்றன.

நெகட்டிவை உங்கள் மகளிடமே கொடுத்துவிட்டேன். எட்டாவதை மட்டும் ஒரு பிரிண்ட் போட்டு வைத்துக்கொண்டேன்.