வெள்ளி ரூபாயின் நிறத்தை அசிட்டோன் சொல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பழைய நாணயச் சேகரிப்பு பற்றி வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். புதிதாக இத்துறைக்கு வருகிற இளைஞர்களுக்குப் பயன்படும் செய்திகள் அதில் பல இருந்தன. ஆனால் வெள்ளி நாணயத்தில் படரும் வானவில் நிறத்தை, அதாவது சேகரிப்பாளர்கள் ‘டோனிங்’ என்று சொல்லிக் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கும் நிறப்படலத்தைப் பற்றி எழுதுகையில், ‘அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஒற்றிப் பார்த்து நிறம் போனால் செயற்கை, போகாவிட்டால் இயற்கை’ என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அதன் முற்பாதி சரி, பிற்பாதி தவறு. அந்தப் பிற்பாதியை நம்பிப் பணத்தை இழந்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

அசிட்டோன் கரைப்பது சாயம், மை, வார்னிஷ், பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒட்டிய பிசுக்கு போன்றவற்றைத்தான். வெள்ளியின் மேல் தானாகத் தோன்றும் நிறமோ காற்றிலும் துணியிலும் அட்டையிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்பைடு. அதை அசிட்டோன் தொடவே தொடாது. நிறமேற்றி விற்பவர்கள் பெரும்பாலும் சாயம் பூசுவதில்லை. வேகவைத்த முட்டையோடு நாணயத்தை மூடி வைப்பதிலிருந்து கந்தகக் கரைசலில் முக்கிச் சூடேற்றுவது வரை அவர்கள் செய்வதெல்லாம் அதே வெள்ளி சல்பைடைச் சில மணி நேரத்தில் வரவழைக்கும் வேலைதான். ஐம்பது ஆண்டுகளில் வந்த நிறமும் ஒரே இரவில் வந்த நிறமும் பொருளால் ஒன்றாக இருக்கும்போது, ஒரு பஞ்சுத் துண்டு அவற்றை எப்படிப் பிரித்துக் காட்டும்? வேறுபாடு இருப்பது காலத்திலும், நாணயம் கிடந்த இடத்திலும். அவை விட்டுச் சென்ற தடயங்களைக் கண்ணால்தான் தேட வேண்டும்.

நிறம் தோன்றும் முறையைப் புரிந்துகொண்டால் அந்தத் தேடல் எளிதாகிறது. மழை பெய்த தார்ச்சாலையில் சிந்திய எண்ணெய் பல வண்ணம் காட்டுவதை எல்லாரும் பார்த்திருப்போம். அங்கே எண்ணெய்க்கு நிறம் கிடையாது. மெல்லிய படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலப்பதால்தான் அந்த வண்ணங்கள் பிறக்கின்றன. வெள்ளி நாணயத்தில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்குக்கும் குறைவான தடிப்பிலேயே நிறம் தொடங்கிவிடுகிறது. படலம் தடிக்கத் தடிக்க முதலில் இளமஞ்சள், பிறகு பொன்னிறம், செம்பழுப்பு, கருஞ்சிவப்பு, அடர்நீலம், வெளிர்நீலம் என்று ஒரு சுற்று முடிகிறது. அதன் பின் மீண்டும் மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என்று இரண்டாம் சுற்று வருகிறது. இறுதியில் எல்லாம் அடங்கிக் கறுப்பாகிறது. இந்த வரிசை எந்த வணிகரும் வகுத்ததன்று. பொறுமையாக வளர்ந்த படலம் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்ல மெல்ல மெலிந்துகொண்டே போவதால், வரிசையின் படிகள் ஒவ்வொன்றும் அடுத்தடுத்து நாணயத்திலேயே தெரியும். வெண்மையான வெள்ளியை ஒட்டியே, இடையில் மஞ்சளோ பொன்னிறமோ இல்லாமல், அடர்நீலமோ பச்சையோ திடீரென்று நின்றால் அங்கே காலம் வேலை செய்யவில்லை என்று ஐயப்பட இடமுண்டு.

இதைக் கற்பதற்கு உலகச் சேகரிப்பாளர்கள் பாடநூல் போலக் கொள்வது அமெரிக்காவின் மோர்கன் வெள்ளி டாலரைத்தான். 1878 முதல் 1904 வரையிலும் பின்னர் 1921-லும் அச்சிடப்பட்ட அந்த நாணயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டி அரசுக் கருவூலத்திலும் வங்கிகளிலும் பல பத்தாண்டுகள் வைத்திருந்த அவற்றுள் ஏராளமானவை 1960-களின் தொடக்கத்தில் வெளியே வந்தன. பையின் துணியைத் தொட்டுக்கொண்டிருந்த நாணயத்தின் ஒரு பக்கம் மட்டும் நிறமேறியிருந்தது. சிலவற்றில் துணியின் நெசவுகூடப் பதிந்திருந்தது. வேறொரு நாணயம் மேலே படிந்து மறைத்த இடம் பிறை வடிவில் வெண்மையாகவே நின்றது. எழுத்துகளையும் நட்சத்திரங்களையும் சுற்றி மெல்லிய வெளிர்க்கோடு விட்டு நிறம் விலகி நிற்பதும் பலவற்றில் காணக் கிடைக்கிறது. அட்டை ஆல்பங்களில் வைத்தவையோ விளிம்பிலிருந்து உள்நோக்கி வளையம் வளையமாக நிறமேறின. ஆக, நாணயம் எங்கே எப்படிக் கிடந்தது என்பதை நிறமே சொல்லிவிடுகிறது. (நமக்கும் இந்த டாலருக்கும் ஓர் உறவு உண்டு. 1918-இல் அமெரிக்கா இயற்றிய பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டு, அந்த வெள்ளியின் பெரும்பகுதி பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. போர்க்காலத்தில் இந்தியாவில் ரூபாய்க்கு ஏற்பட்ட வெள்ளித் தட்டுப்பாட்டைத் தீர்க்கவே அது வாங்கப்பட்டது.)

இனி என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாணயக் கண்காட்சியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1917-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்றை, மயில்கழுத்து நிறத்தில் மின்னியதற்காகவே, சாதாரண விலையைப் போல நான்கு மடங்கு கொடுத்து வாங்கினேன். விற்றவர் என் கண்ணெதிரிலேயே அசிட்டோன் பஞ்சால் ஒற்றிக் காட்டினார், பஞ்சு வெள்ளையாகவே இருந்தது, நான் நம்பினேன். மறுநாள் காலை வாசல் திண்ணையில் வெயில் படாமல் சாய்ந்து விழுந்த வெளிச்சத்தில் பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது. மன்னரின் மூக்குக்கு முன்னால் உருவமில்லாத வெற்றிடத்தில் மயிரிழை போன்ற கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடின. அந்தக் கீறல்களின் பள்ளத்துக்குள் நீலம் கறுப்பாகத் தேங்கியிருந்தது. புருவமும் தாடியும் நன்றாகத் தேய்ந்திருந்தும், தேய்ந்த அந்த மேடுகளின் மேலும் ஊதா நிறம் அதே அடர்த்தியில் போர்வை போர்த்தியது போல் கிடந்தது. நாணயத்தைச் சாய்த்துத் திருப்பினால் அச்சுமெருகு, அதாவது அச்சிடும்போதே மேற்பரப்பில் உண்டாகும் பளபளப்பு, கெடாத நாணயத்தில் சக்கரத்தின் ஆரங்கள் போலச் சுழலும் ஒளிக்கீற்று இதில் கொஞ்சமும் இல்லை. நீலம் முடிந்த இடத்தில் நேரே வெறும் வெள்ளி. நடுவில் மஞ்சளின் சாயலே கிடையாது. கைமாறித் தேய்ந்த ரூபாய் இயல்பாக நரைத்த சாம்பல் நிறத்தில், பள்ளங்கள் கறுத்தும் மேடுகள் வெளுத்தும் இருக்க வேண்டும். யாரோ அதை விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். அந்தக் கீறல்களை மறைக்க வேறு யாரோ நிறம் ஏற்றியிருக்கிறார்கள். என் கணிப்பு இதுதான்.

அதே நாளில் ஒப்பிட்டுப் பார்க்க என் தாய்வழிப் பாட்டியின் மரப்பெட்டியில் இருந்த இரண்டு ரூபாய்களை எடுத்தேன். சிவப்புத் துணியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து முடிந்து, பாட்டி இறந்த பிறகும் நாங்கள் அவிழ்க்காமல் வைத்திருந்தவை. இரண்டும் உட்பக்கம், ஒன்றையொன்று தொட்ட இடத்தில், வெளிறியே இருந்தன. துணியைத் தொட்ட வெளிப்பக்கத்தில் விளிம்பில் செம்பழுப்பு, அதற்குள் பொன்னிறம், அதற்கும் உள்ளே மஞ்சளா வெள்ளியா என்று பிரிக்க முடியாத ஒரு மெல்லிய சாயல். மேலே இருந்த நாணயம் சற்று நகர்ந்து அமர்ந்திருந்ததால் கீழிருந்ததின் ஓரத்தில் ஒரு சிறு பிறை அளவுக்கு நிறமேறியிருந்தது. மயில்கழுத்து நிறமெல்லாம் அவற்றில் இல்லை. சந்தையில் யாரும் கூடுதலாக ஒரு ரூபாய்கூடத் தர மாட்டார்கள். ஆயினும் நான் அன்று கற்றதை அந்த இரண்டும்தான் கற்பித்தன.

இந்த அளவுகோல்களை எல்லா நாணயத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாய்களில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் அது நூற்றுக்கு ஐம்பது பங்காகக் குறைந்து, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்தன. ஆதலால் 1940 முதல் வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் அந்தத் தெளிவான நிறவரிசையை எதிர்பார்ப்பது பொருந்தாது. அமெரிக்காவில் 1986-இலும் 1987-இலும் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள்கூட, நிறம் ஐயத்துக்குரியது என்று தோன்றினால் தர எண் கொடுக்க மறுக்கின்றனவே தவிர, ஆய்வகச் சான்று எதையும் காட்டுவதில்லை. அவர்கள் சொல்வதும் பழகிய கண்ணின் கருத்துதான்.

நூறாண்டு கடந்தும் புதிதாக அச்சிட்டதுபோல் பளிச்சென்று வெண்மையாக இருக்கும் ரூபாயையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும் என்பேன். அமிலக் கலவையில் முக்கினால் நிறப்படலம் போய்விடும். ஆனால் அந்தப் படலமே நாணயத்தின் வெள்ளியிலிருந்து உருவானது என்பதால், அதோடு மேற்பரப்பின் ஒரு நுண்ணிய அடுக்கும் போய்விடும், மீண்டும் மீண்டும் முக்கினால் அச்சுமெருகே அழிந்துவிடும். நம் வீடுகளில் வெள்ளிப் பாத்திரத்தை விபூதியாலும் செம்பு, பித்தளையைப் புளியாலும் துலக்குவது நல்ல வழக்கம். அந்த வழக்கத்தைக் காசின் மேல் காட்டியதால்தான் இத்தனை ரூபாய்கள் கீறலோடு சந்தைக்கு வருகின்றன. கீறல் வந்த பிறகே போலி நிறத்துக்குத் தேவை பிறக்கிறது.

ஆகவே தங்கள் இதழில் இந்தத் திருத்தத்தை வெளியிட்டு, இயன்றால் ஒரே நாணயத்தை நேர் வெளிச்சத்திலும் சாய்ந்த வெளிச்சத்திலும் எடுத்த இரு படங்களை அருகருகே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நேர் வெளிச்சத்தில் அழகாகத் தெரிந்த என் 1917 ரூபாயின் கீறல்கள் சாய்ந்த வெளிச்சத்தில்தான் எனக்குத் தெரிந்தன. தேவைப்பட்டால் அந்த நாணயத்தையே படம் எடுப்பதற்காகத் தங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சித்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கும்பகோணம்