ஜாகுவாருக்கு எந்தப் பச்சை? நண்பருக்கு ஒரு கடிதம்

கோவென்ட்ரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து நீ மீண்டும் வேலை மேசைக்குத் திரும்பிவிட்டாய் என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எழுத்தில் சொல்வது கடினம். அதுவும், திரும்பியவுடன் டமியா நிறுவனத்தின் 1/24 அளவு ஜாகுவார் மார்க் 2 மாதிரிக் கார் கிட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதற்கு எந்தப் பச்சையைப் பூசுவது என்று கேட்டு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். இங்கே நாங்கள் நலம். நான் தொடங்கியிருந்த மினி கூப்பர் மாதிரி முடிந்துவிட்டது. சிவப்பு உடலும் வெள்ளைக் கூரையுமாக, 1964ஆம் ஆண்டு மான்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் வென்ற காரின் வண்ணத்திலேயே முடித்தேன். 33 ஈஜேபி என்ற பதிவெண் கொண்ட அந்த அசல் கார் கெய்டன் கார் அருங்காட்சியகத்தில் இருப்பதால், அந்த வெள்ளையில் எவ்வளவு மஞ்சள் கலந்திருக்கிறது என்பதை நேரில் நின்று பார்க்க முடிந்தது. கடைகளில் கிடைக்கும் தூய வெள்ளை அதற்குச் சற்றும் பொருந்தாது.

உன் கேள்விக்கு வருகிறேன். பிரிட்டிஷ் பந்தயக் கார்களின் பச்சையை பிரிட்டிஷ் ரேசிங் கிரீன் என்பார்கள்; ஆனால் அந்தப் பெயரில் ஒரே ஒரு பச்சை எக்காலத்திலும் இருந்ததில்லை. 1902இல் கார்டன் பென்னட் கோப்பைக் கார்ப் பந்தயத்தை பிரிட்டனின் நேப்பியர் கார் வென்றதால் அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்தும் பொறுப்பு பிரிட்டனுக்கு வந்தது. ஆனால் இங்கிலாந்தின் சாலைகளில் வேகப் பந்தயம் சட்டவிரோதமாக இருந்ததால், தனிச் சட்டம் இயற்றி 1903 ஜூலையில் அயர்லாந்தின் அத்தாய் (Athy) நகரை ஒட்டிய சாலைகளில் அதை நடத்தினார்கள். அந்த நாட்டைச் சிறப்பிக்கவே பிரிட்டிஷ் கார்கள் பச்சை பூண்டன என்று சொல்வார்கள். அதன் பிறகு வந்த பந்தயக் கார்களில் பென்ட்லியின் பச்சை வேறு, வான்வாலின் பச்சை வேறு, மஞ்சள் பட்டையோடு ஓடிய லோட்டஸின் பச்சை வேறு. 1968இல் சிகரெட் விளம்பரத்தின் சிவப்பும் பொன்னிறமும் லோட்டஸின் மேல் ஏறும்வரை இந்த வேறுபாடுகளை யாரும் ஒரு குறையாகக் கருதவில்லை. ஆகவே சரியான வண்ண எண் எது என்று தேடி அலைவதை விட்டுவிட்டு, அந்தக் காலத்து மார்க் 2 ஒன்றின் நல்ல வண்ணப் புகைப்படத்தை எதிரில் வைத்துக்கொள். டமியாவின் டிஎஸ்-9 பச்சையும் ஹம்ப்ரால் 3ஆம் எண் பச்சையும் இரண்டுமே நல்ல தொடக்கம்தான். ஆனால் 19 சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு பொருளின் மேல், அதுவும் அறை வெளிச்சத்தில், அடர்பச்சை ஏறக்குறையக் கருப்பாகத் தெரியும் என்பதை நினைவில் கொள். அசலைவிட ஒரு சாயல் வெளிறிய பச்சையே கண்ணுக்கு அசலாகப்படும் என்பது என் உறுதியான கருத்து.

மினுமினுக்கும் ஓப்பலெசென்ட் பச்சையையும் யோசிப்பதாக எழுதியிருக்கிறாய். அது அழகான நிறம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் உலோகத் துகள் கலந்திருக்கிறது. அசல் காரின் வண்ணத்திலுள்ள அதே அளவுத் துகளை மாதிரியில் தெளித்தால், 24 மடங்கு பெரிதான துகள்கள் கொண்ட ஒரு காரைத்தான் நாம் காட்டுகிறோம். மிக நுண்ணிய மைக்காத் தூள் கலந்த வண்ணம் உன் ஊரில் கிடைக்காவிட்டால் அந்த எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வை.

நிறத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு; அதைச் சொல்வதற்காகவே இக்கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். காரின் வண்ணப்பூச்சு முழுவதையும் சேர்த்தாலும் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல்தான் வரும். அதை 24ஆல் வகுத்தால் கிடைக்கும் மெல்லிய படலத்தை எந்தக் கையாலும் பூச முடியாது. இன்னொரு பக்கம், கதவுக்கும் உடலுக்கும் இடையே அசலில் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் மாதிரியில் அது 0.2 மில்லிமீட்டர் கோடாகிவிடும். பிரைமர் என்னும் அடிப்பூச்சு, நிறம், மேலே தெளிவான பூச்சு என்று மூன்றும் சேர்ந்து அந்தக் கோட்டின் இரு சுவர்களிலும் 0.05 மில்லிமீட்டர் ஏறினாலே பாதி இடைவெளி அடைபட்டுப் போகும். கதவு திறக்கக்கூடியது என்ற நம்பிக்கை அந்த நொடியே போய்விடும். போர் விமானத்திலும் டாங்கியிலும் புழுதியும் துருவும் காட்டிப் பல குறைகளை மறைத்துவிடலாம். பளபளக்கும் ஒரு ஜாகுவாரில் மறைக்க இடமில்லை. எனவே வண்ணத்தைத் தொடுவதற்கு முன்பே, கோடு கீறும் கருவியால் கதவு, பானட், டிக்கி ஆகியவற்றின் கோடுகள் அனைத்தையும் சற்று ஆழப்படுத்திவிடு. மட்கார்டுகளின் மேலும் பின்தூண்களின் மேலும் ஓடும், அச்சில் வார்த்தபோது விழுந்த வரிகளை 600, பிறகு 1000 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து நீக்கு. சாம்பல் நிறப் பிரைமரை மெல்லியதாக அடித்துப் பார்த்தால் விடுபட்ட பள்ளங்கள் தாமே காட்டிக்கொடுக்கும். அங்கே மட்டும் பட்டி பார்த்தால் போதும்.

நிறத்தைப் பல மெல்லிய தெளிப்புகளாக ஏற்று. எனாமல் வண்ணத்தின் மேல் லாக்கர் வண்ணத்தை ஒருபோதும் அடிக்காதே. லாக்கரின் கரைப்பான் கீழே உள்ள எனாமலைச் சுருக்கிவிடும். லாக்கர் நன்றாகக் காய்ந்த பிறகு அதன் மேல் எனாமல் அடிப்பதில் தீங்கில்லை. உங்கள் ஊரில் இப்போது மழைக்காலம் என்பதால் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நாளில் லாக்கர் அடித்தால், கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, நீர் படிந்து, வண்ணம் பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும். வானம் வெளுக்கும்வரை பொறுத்திரு. இந்த வேலையில் பொறுமைக்கு ஈடான கருவி எதையும் நான் இதுவரை கண்டதில்லை. பூச்சு முழுவதும் இறுகிய பின், இடையில் எவ்வளவு ஆசை எழுந்தாலும் தொடாமல் இருந்து, அதன் பிறகே மிக மெல்லிய தாள்களாலும் பாலிஷ் பசையாலும் மெருகேற்று. மூலைகளிலும் விளிம்புகளிலும் கை அழுந்தக் கூடாது. அங்கேதான் பூச்சு மிக மெலிந்திருக்கும்.

மார்க் 2இன் அழகில் பாதி அதன் குரோம் வேலைப்பாட்டில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஜாகுவாரின் தடித்த தூண்களை மெலிதாக்கி, சன்னல்களைப் பெரிதாக்கி, அவற்றைச் சுற்றி ஒல்லியான குரோம் சட்டங்களைப் பொருத்தியதால்தான் அந்தக் காருக்கு அத்தனை நளினம் வந்தது. அந்தச் சட்டங்களுக்கு வெள்ளி வண்ணத்தைத் தூரிகையால் தீட்டினால் அது வண்ணமாகத்தான் தெரியும், உலோகமாகத் தெரியாது. பேர்-மெட்டல் ஃபாயில் என்று பின்புறம் பசையுள்ள மெல்லிய உலோகத்தாள் விற்கிறார்கள். அதை ஒட்டிப் பல்குச்சியால் அழுத்திப் படியவைத்து, புத்தம் புது பிளேடால் விளிம்பை வெட்டி எடு. புடைப்பான பெயரெழுத்துகள் இருந்தால், நிறம் அடிப்பதற்கு முன்பே அவற்றின் மேல் இந்தத் தாளை ஒட்டிவிடு. நிறம் காய்ந்த பின் தின்னர் தொட்ட துணியால் எழுத்தின் மேற்பகுதியை மட்டும் துடைத்தால் உலோகம் வெளியே வந்துவிடும். கண் இப்போதுதான் குணமாகி வருகிறது என்பதால், இந்த வேலைகளை உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் செய்யாதே என்று உன்னை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு நல்ல செய்தி. ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பழைய 1/32 ட்ரையம்ஃப் ஹெரால்டு கிட் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. ஹெரால்டு இந்த ஊரிலேயே, கேன்லி ஆலையில் உருவான கார். முழு உடலையும் செய்து தரக்கூடிய ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையைப் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிவிட்டதால், ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் நிறுவனம் தனிச் சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டு முடுக்கும் உடலைத் தேர்ந்தது. அதற்கு வடிவம் தந்தவர் டூரின் நகரத்து மிக்கெலோட்டி. நெருக்கடியில் பிறந்த அந்த அமைப்புதான், உதிரிகளை அனுப்பித் தொலைதூரத்தில் பூட்டுவதற்கும் வசதியாகி, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவாகவும் வழிசெய்தது. உன் அப்பா ஓட்டியது பின்னாளில் வந்த நான்கு கதவு ஹெரால்டு என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்த கிட்டிலோ இரண்டே கதவுகள். நீ சம்மதித்தால், இருக்கும் கதவுக் கோட்டைப் பட்டியால் அடைத்துவிட்டு, புதிதாக நான்கு கதவுகளைக் கீறி அந்தக் காரையே செய்து பார்க்க விரும்புகிறேன். பக்கவாட்டில் எடுத்த படம் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால் நகல் எடுத்து அனுப்பு. படம் கருப்பு வெள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை. நிறத்தை உன் அக்காவிடம் கேட்டு எழுதினால் போதும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்