குளிர் ஊர்ல சைக்கிள் ஓட்டப் போறீங்களா? க்ளவுஸைப் பிரேக் பிடிச்சுப் பாத்து வாங்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் லீவு வந்தா போதும், சிங்கப்பூர்ல நம்ம புளோக்குல பாதி வீடு பூட்டிக் கிடக்கும், எல்லாரும் கொரியா ஜப்பான்னு கிளம்பிடுறாங்க. முன்னெல்லாம் போனமா பனியில நாலு போட்டோ எடுத்தமான்னு வருவாங்க, இப்ப அங்க போய் வாடகைக்கு சைக்கிள் எடுத்து ஓட்டுறதும் சேந்துக்கிச்சு. நானும் எங்க வீட்டுக்காரரும் போன வருஷம் அப்படித்தான் போனோம். வாராவாரம் பூங்காவையெல்லாம் இணைக்கிற பார்க் கனெக்டர் பாதையில முப்பது கிலோமீட்டர் ஓட்டுறவங்க நாம, நமக்கென்னன்னு ஒரு நெனப்பு. போன எடத்துல கையில நான் பட்ட பாட்டைத்தான் எழுதறேன், இந்த வருஷம் போறவங்களுக்காவது உதவட்டும்.

கொரியாவுல சோல் நகரத்துல இருந்து ரயில் ஏறிப் பால்டாங் ஸ்டேஷன்ல இறங்கினா பக்கத்துலயே சைக்கிள் வாடகைக் கடைங்க இருக்கு. அங்க இருந்து யாங்பியோங் வரைக்கும் பழைய ரயில் ஓடின வழியையே 2011ல சைக்கிள் பாதையா மாத்திட்டாங்க, ஒரு பக்கம் ஆறு, நடுவுல குகைங்க, பெரிய இரும்புப் பாலம், சொல்லி மாளாது அவ்வளவு அழகு. அன்னைக்குக் காலையில மைனஸ் 4 டிகிரி. வெயில் நல்லா அடிக்குது, காத்தே இல்ல. அட இவ்வளவுதானான்னு ஏறி உக்காந்தேன்.

கையில போட்டிருந்தது இங்க ஒரு மால்ல 79 சிங்கப்பூர் வெள்ளி குடுத்து வாங்கின க்ளவுஸ். தலகாணி மாதிரி மொத்தமா இருந்துச்சு. கடைப்பையன், "ஆன்டி இது ஸ்கீயிங் போறவங்க போடுறது, மைனஸ் 20 கூடத் தாங்கும்"னான். நம்பி வாங்கிட்டேன். நான் என்ன ஏமாளியா, வீட்டுக்கு வந்து டெஸ்ட்டும் பண்ணேனே, க்ளவுஸைப் போட்டுக்கிட்டு ஃப்ரீசருக்குள்ள ரெண்டு நிமிஷம் கையை விட்டு நின்னேன், ஃப்ரீசர் மைனஸ் 18 இல்லையா, ஒண்ணுமே தெரியல. ஃப்ரீசருக்குள்ள காத்து அடிக்காதுங்கறது அப்ப உறைக்கல!

இருபது நிமிஷம் ஓட்டியிருப்போம். மொதல்ல சுண்டுவிரல், அப்புறம் மோதிர விரல், ஊசி குத்துற மாதிரி இருந்துச்சு, அப்புறம் அதுவும் போயி ஒண்ணுமே தெரியல. குகையை விட்டு வெளிய வந்தா எதிர்ல ஒரு சின்னப் புள்ள பாதையைத் தாண்டுது, பிரேக்கைப் பிடிக்கறேன், பிடிச்சனா பிடிக்கலயான்னே கையில தெரியல. காலை ஊனி எப்படியோ நிறுத்திட்டேன். க்ளவுஸைக் கழட்டிப் பாத்தா விரல் நுனி வெள்ளையா வேகவெச்ச இடியாப்பம் மாதிரி இருக்கு. ஹெல்மெட் பக்கிளைக் கழட்ட என்னால முடியல, இவர்தான் கழட்டி விட்டாரு.

தப்பு எங்கன்னு அப்புறம்தான் ஒவ்வொண்ணா புரிஞ்சுச்சு. காத்தே இல்லாத நாளா இருந்தாலும் நாம 20 கிலோமீட்டர் ஸ்பீடுல போனா நம்ம மேல 20 கிலோமீட்டர் காத்து அடிக்கிற கணக்குதான். வெளிய 0 டிகிரின்னா தோலுக்கு மைனஸ் 5 மாதிரி, மைனஸ் 5ன்னா மைனஸ் 12 கிட்ட. அந்தக் காத்துல மொதல்ல போய் நிக்கிறது கைதான். காலு மிதிச்சுக்கிட்டே இருக்கு, அதுக்குச் சூடு தானா வரும், கை சும்மா ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டு ஆடாம இருக்கு. உடம்பு குளிர ஆரம்பிச்சா ரத்தத்தை நெஞ்சுக்கும் வயித்துக்கும் இழுத்துக்கும், விரலுக்கு வர்ற குழாயைச் சுருக்கிடும். அதனால கழுத்துக்கும் நெஞ்சுக்கும் சரியா போடாம கைக்கு மட்டும் எவ்வளவு மொத்தமா போட்டாலும் வேலைக்கு ஆகாது.

ரெண்டாவது, நான் வாங்கினது டைட்டு. டைட்டா இருந்தாதான் குளிரு புகாதுன்னு நானே நெனச்சு வாங்கினது, அதுல கடைப்பையனைக் குத்தம் சொல்ல முடியாது. அது போதாதுன்னு உள்ள ஒரு காட்டன் க்ளவுஸ் வேற! சூடு காக்கறது துணி இல்லீங்க, துணிக்குள்ள நிக்கிற காத்து. இறுக்கிப் போட்டா அந்தக் காத்தும் போச்சு ரத்த ஓட்டமும் போச்சு. காட்டன் வேர்வையைக் குடிச்சிட்டு ஈரமாவே இருக்கும், அந்த ஈரமே அப்புறம் ஐஸு. உள்ள போடுறதுன்னா மெல்லிசா மெரினோங்கற ஆட்டுக் கம்பளில கிடைக்குது, அதைப் போட்டுக்கிட்டு மேல போடுறதை ஒரு சைஸ் பெருசா எடுக்கணும்.

இங்கதான் நம்ம ஊர் ஆளுங்களுக்கு ஒரு சிக்கல். 2018 ஜனவரியில 22 டிகிரிக்குக் கீழ இறங்கினப்ப ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு செல்ஃபி எடுத்தவங்க நாம. 31 டிகிரியில கடைக்குப் போய் போட்டுப் பாத்தா எந்த க்ளவுஸும் அடுப்பு மாதிரிதான் கொதிக்கும், அதை வெச்சு சூடா இல்லையான்னு கண்டுபிடிக்கவே முடியாது. ஆனா கையில சரியா உக்காருதா, பிரேக் பிடிக்க வருதான்னு இங்கயே பாத்துடலாம். கட்டை விரலை விட்டுட்டு உள்ளங்கையைச் சுத்தி டேப் வெச்சு அளந்துட்டுப் போங்க. போட்டுட்டு முஷ்டியை மடக்குங்க, விரல் நுனி துணியில முட்டக் கூடாது. அப்புறம் கடையில சைக்கிள் இருந்தா அதுல பிரேக்கை ரெண்டு விரலால பிடிச்சுப் பாருங்க, கியரைத் தட்டிப் பாருங்க. மணிக்கட்டுகிட்ட க்ளவுஸ் நீளமா இருக்கணும், ஜாக்கெட்டுக்கும் க்ளவுஸுக்கும் நடுவுல ஒரு விரக்கடை இடைவெளி இருந்தா போதும், ஊர்க் குளிரு பூரா அந்த வழியாத்தான் உள்ள வரும். வெளித்துணி காத்து தடுக்கறதான்னு லேபிள்ல பாருங்க, வாயை வெச்சு ஊதிப் பாத்தாலே ஓரளவு தெரிஞ்சுடும்.

எல்லாருக்கும் தலகாணி க்ளவுஸ் தேவையில்ல. ஜூன் லீவுல மெல்பர்ன் போறவங்களுக்குக் காலையில 6, 7 டிகிரிதான் இருக்கும், காத்து தடுக்கற சாதா ஐஞ்சு விரல் க்ளவுஸே போதும். 0க்குக் கீழ போறதுன்னாதான் ரெண்டு ரெண்டு விரலைச் சேத்துப் போடுற நண்டுக் கை மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க, அது நல்லது, விரலும் விரலும் ஒட்டிக்கிட்டுச் சூட்டைப் பங்கு போட்டுக்கும், பிரேக்கும் பிடிக்கலாம். பாக்க நல்லாத்தான் இருக்காது, என் மருமக சிரிச்சா, சிரிச்சுட்டுப் போகட்டும். பேட்டரி போட்டுச் சூடாகுற க்ளவுஸ் வாங்கறவங்க, பிளேன்ல தனி லித்தியம் பேட்டரியைப் பெரிய பெட்டியில போட்டுடாதீங்க, கைப்பையிலதான் எடுத்துட்டுப் போகணும்.

அன்னைக்கு என்னைக் காப்பாத்துனது கிளவுஸே இல்ல. வழியில ஒரு சின்னக் கடையில சூடா ராம்யன் நூடுல்ஸ் சாப்பிட உக்காந்தோம். என் கையைப் பாத்த கடைக்காரப் பாட்டி கொதிக்கிற கிண்ணத்துல கை வெக்கப் போன என்னைத் தடுத்து, தன் கையை அக்குள்ல வெச்சுக் காமிச்சு அப்படி வையின்னு சைகை பண்ணாங்க. சரியான பேச்சு, மரத்துப்போன கைக்குச் சுடறது தெரியாது, வெந்துடும். ரத்தம் திரும்பி வர்றப்ப வலிச்ச வலி இருக்கே, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கிளம்பறப்ப அவங்க வீட்டு ஸ்கூட்டர்ல இருந்து ஹேண்டில்ல மாட்டுற பெரிய பை மாதிரி ஒண்ணைக் கழட்டி என் சைக்கிள்ல மாட்டிவிட்டாங்க. அந்த ஊர்ல டெலிவரி ஓட்டுறவங்க எல்லாரும் அதைத்தான் மாட்டியிருக்காங்க, பைக்குள்ள கையை விட்டுட்டா காத்தே படாது. மிச்ச தூரத்தை உள்ள போட்டிருந்த மெல்லிசு க்ளவுஸோடவே ஓட்டிட்டு, திரும்பி வர்ற வழியில பையைக் குடுத்துட்டு வந்தோம். காசு குடுத்தா வாங்கல.

அதனால ஆசிரியர் ஐயா, உங்க பத்திரிகை வழியா ரெண்டு விஷயம் கேட்டுக்கறேன். குளிர் சாமான் விக்கிற கடைக்காரங்க கல்லாகிட்ட பிரேக்கோட ஒரு பழைய ஹேண்டில்பாரை மாட்டி வெச்சா வாங்கறவங்க பிடிச்சுப் பாத்துக்குவாங்க, பெரிய செலவு கிடையாது. இன்னொண்ணு, அந்த ஹேண்டில் பை இங்க எந்தக் கடையிலயாவது கிடைக்குமான்னு தெரிஞ்ச வாசகர்கள் எழுதினா நல்லாயிருக்கும், தேக்கா கடைத்தெருவுல இருந்து தேடிட்டேன், நான் சொல்றது என்னன்னே யாருக்கும் புரியல. அந்த 79 வெள்ளி க்ளவுஸ் இப்ப ஃப்ரீசர்ல உறைஞ்ச மீனை எடுக்க உதவுது.

இப்படிக்கு,
சுவா சூ காங் வாசகி