வீணாகும் 135 பைட்

ரோஸ் ஹில், மொரிஷியஸ்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். தைப்பூசக் காவடிக்குக் கோர் தெ கார்த் மலைக் கோயிலுக்குப் போனோம், நல்ல வெயில்.

சரி, உன் மகள் செயற்கைக்கோள் ரிசீவருக்கு நிரல் எழுதுகிறாள் என்று படித்ததும் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. இணையப் பாக்கெட்டுகளைச் செயற்கைக்கோள் ஓடையில் ஏற்றும் யூஎல்இ முறையில், ஒரு துண்டில் ஒரே பாக்கெட்டை வைத்து மிச்ச இடத்தை வெறுமனே நிரப்பிவிட்டால் போதாதா, பாக்கெட்டுகளை ஏன் நெருக்கி அடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாளே, போதவே போதாது.

டிஜிட்டல் டிவிக்கும் பயன்படும் எம்பெக்-2 ஓடையில் ஒவ்வொரு துண்டும் 188 பைட். தலைப்புக்கு 4 போனால் 184. இணையத்தில் ஏராளமாக வருவது 40 பைட் டிசிபி ஒப்புகை, அதாவது ‘தரவு வந்து சேர்ந்தது’ என்று சொல்லும் சிறு பாக்கெட். பெறுநர் முகவரியை விட்டுவிட்டால், முன்னால் நீளத்தையும் வகையையும் சொல்ல 4, பின்னால் பிழையைக் கண்டுபிடிக்கும் சிஆர்சி 4 சேர்ந்து 48 ஆகும். துண்டுக்குள் முதல் புதிய பாக்கெட் எத்தனை பைட் தள்ளித் தொடங்குகிறது என்று காட்டும் சுட்டிக்கு 1 பைட். ஒன்றோடு நிறுத்தினால் 135 பைட் எஃப்எஃப் என்ற வெற்று நிரப்பியாக வானத்துக்குப் போய் வருகிறது! அடுக்கினால் அதே துண்டில் மூன்று முழுதாக ஏறும், நான்காவதில் 39 பைட்டும் ஏறும். மீதி 9 அடுத்த துண்டின் தொடக்கத்தில் வரும்; அங்கே இன்னொரு பாக்கெட்டும் தொடங்கினால் சுட்டியில் 9 இருக்கும். கடைசியில் ஒரே ஒரு பைட் மிஞ்சினால் அங்கே புதிதாகத் தொடங்கக் கூடாது, ஏனென்றால் நீளப் புலத்துக்கே 2 பைட் வேண்டும்.

2019-இல் மார்ஸ் கடலடிக் கேபிள் வரும்வரை எங்கள் நாட்டைச் சேர்ந்த ரொட்ரிக்ஸ் தீவின் வெளியுலகத் தொடர்பு செயற்கைக்கோள் வழியாகத்தான். அன்று அங்கே இருந்தவர்களுக்கு அலைவரிசை எவ்வளவு அருமையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். அதனால்தான் எனக்கு இந்த 135 பைட் உறுத்துகிறது.

அடுக்குவதற்காகக் காத்திருந்தால் தாமதமாகாதா என்பாள். யூஎல்இ-யை வரையறுத்து 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4326 என்ற ஆவணம் சற்று நேரம் காத்திருக்க இடம் கொடுக்கிறது. 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி இறங்கவே கால் விநாடி ஆகிறபோது, சில மில்லி விநாடி பொறுப்பதில் என்ன குறை?

ஒன்றை மட்டும் அவளிடம் அழுத்திச் சொல். நடுவில் ஒரு துண்டு தொலைந்தால் துண்டுகளின் தலைப்பிலுள்ள தொடர் எண் தாவும். உடனே கையிலிருக்கும் அரைகுறையை எறிந்துவிட்டு, புதிய பாக்கெட் தொடங்குவதைக் காட்டும் அடுத்த குறி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒட்டுப்போட்டுத் தொடர்ந்தால் அடுக்கியிருக்கும் மற்ற பாக்கெட்டுகளும் சேர்ந்து கெடும். முதல் சோதனை இதுவாகவே இருக்கட்டும். முடிவை எனக்கு எழுதச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்