சிவப்பு எச்சரிக்கை வந்தது சரி, அப்புறம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே இங்கே சிங்கப்பூரில் உள்ள திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்களுக்கு 2023 டிசம்பர்தான் கண்முன் வரும். அந்த 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டியது, கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் தண்ணீர் புகுந்தது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஜல்லியையே வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது.

வெள்ளம் வடியும் முன்பே சண்டை ஆரம்பித்துவிட்டது. வானிலை மையம் சரியாகச் சொல்லவில்லை என்றது மாநில அரசு, முன்கூட்டியே சொன்னோம் என்றது ஒன்றிய அரசு. என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஒரு நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டும் என்றால் சிவப்பு எச்சரிக்கை. 21க்கும் சிவப்பு, 95க்கும் அதே சிவப்பு. முன்னதற்குப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, தண்ணீர் இறைக்கும் மோட்டாரைத் தயாராக வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். பின்னதற்கு ஆற்றங்கரை ஊர்களையே காலி செய்ய வேண்டும். மழையைச் சொல்வது வானிலை மையம், அணையை எப்போது எவ்வளவு திறப்பது என்பது நீர்வளத் துறைக்குத் தெரியும், எந்தத் தெரு பள்ளம் என்பது பேரூராட்சிக்குத் தெரியும், ரயில்வே தனி, மின்வாரியம் தனி. இத்தனையையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்து, "இன்று ராத்திரி இந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், இப்போதே கிளம்புங்கள்" என்று சொல்ல வேண்டியவர் யார்? எங்கள் ஊரில் அப்படி யாரும் வந்து சொல்லவில்லை. என் அத்தை வீட்டில் தண்ணீர் படியேறியதைப் பார்த்துத்தான் மாடிக்கு ஓடினார்கள், அரிசி மூட்டையும் மாத்திரை டப்பாவும் கீழேயே போயிற்று.

இது புதிதா என்றால் அதுவும் இல்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது அடையாற்றங்கரையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தகவல் போனது? தணிக்கைத் துறையே பின்னர் அதை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று எழுதியது. எட்டு வருடம் கழித்து, ஆறு மட்டும் வேறு.

உடனே இங்கே ஒருவர் "சிங்கப்பூரைப் பார்" என்பார். பார்க்கலாம்தான். இங்கே நீர்த்தேக்கம், வடிகால், மரினா அணைக்கட்டு எல்லாமே பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கையில், கால்வாயில் நீர்மட்டம் ஏறினால் டெலிகிராமில் செய்தி வந்துவிடுகிறது. ஆனால் இது ஒரே அரசாங்கம் உள்ள சின்னத் தீவு, இதை வைத்துத் தமிழ்நாட்டை அளப்பது நியாயமில்லை. பக்கத்தில் இருக்கும் ஒடிசாவைப் பார்க்கட்டும். 1999 புயலில் அங்கே சுமார் பத்தாயிரம் பேர் போனார்கள். அதற்குப் பிறகு பேரிடருக்கென்றே தனி ஆணையம் வைத்து, கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டி, ஊர் ஊராக ஒத்திகை நடத்தி, 2013இல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேர் வரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. அங்கேயும் ஒன்றிய அரசு, மாநில அரசு, ரயில்வே எல்லாம் தனித்தனிதானே?

நிவாரணம் இன்னொரு கூத்து. எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் முழுக்க "என்ன அனுப்ப?" என்ற கேள்விதான். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 இங்கிருந்து அழைத்தால் போகாது. ஒரு தெருவுக்கு மூன்று வண்டி ரொட்டியும் பழைய சேலையும் போய் இறங்கின, அடுத்த தெருவில் குழந்தைக்குப் பால் மாவு இல்லை, பெண்களுக்கு நாப்கின் இல்லை. பணமாக அனுப்பலாம் என்றால், வெளிநாட்டு நிவாரணத்துக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட இங்கே அனுமதி வாங்க வேண்டும்; அங்கே வாங்கும் தொண்டு அமைப்புக்கு ஒன்றிய அரசின் பதிவு வேண்டும், 2020க்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஒரே ஸ்டேட் பேங்க் கிளைக்குத்தான் வந்து சேர முடியும். விதி வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் தண்ணீர் அதுவரை காத்திருக்காது.

பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. மழைக்கு முன்பே ஒவ்வொரு மாவட்டமும் அணை திறப்புத் தகவலுக்குப் பொறுப்பான ஒரே அதிகாரி யார் என்று அறிவிக்கட்டும். எத்தனை கன அடி திறந்தால் எந்த ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வரும் என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கட்டும். கைப்பேசிக் கோபுரம் சாய்ந்தாலும் பள்ளிவாசல், கோயில், தேவாலய ஒலிபெருக்கி இருக்கிறது, அதை யார் போய்ப் போடச் சொல்வது என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்க்க, எந்த ஊருக்கு என்ன தேவை, என்ன போய்ச் சேர்ந்துவிட்டது என்று தினமும் ஒரு பட்டியல் இணையத்தில் போட்டால், நாங்கள் தேக்காவில் பிஸ்கட் பெட்டி வாங்கி அடுக்குவதை நிறுத்திக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்