ரோசி வீட்டுக்கு வந்த பில்தாத்

அன்புள்ள மேரி,

சுகந்தானே? அத்தானின் முட்டிவலி தேவலையா? இங்கே எல்லாரும் நலம். சரி, விஷயத்துக்கு வருகிறேன், இதை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

ரோசி பையனின் அடக்கத்துக்கு உன்னால் வர முடியாததை அவள் தப்பாக எடுக்கவில்லை, அதற்காக நீ புலம்பாதே. நான் சொல்ல வந்தது ஆறுதல் ஜெபத்தன்று நடந்தது. சபையில் ஒரு பெரியவர், காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "குடும்பத்தில் மறைவான பாவம் ஏதாவது இருந்தால் அறிக்கை பண்ணிவிடும்மா" என்கிறார்! ரோசி பையனுடைய பள்ளிக்கூட அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள், வாயே திறக்கவில்லை. போதாததற்கு "யோபின் பொறுமையைப் பாரு" என்று உபதேசம் வேறு.

பைபிளில், ஒரு பாவமும் செய்யாமலே சொத்தையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த யோபின் கதைதான் யோபு புஸ்தகம். அந்த மனுஷர் அதில் முதல் இரண்டு அதிகாரத்தோடு நிறுத்திக்கொண்டார் போலிருக்கிறது. மொத்தம் 42 இருக்கிறதே! "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொன்ன அதே வாய்தான் மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறது, ஒன்பதாவதில் எனக்கும் தேவனுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல ஒரு மத்தியஸ்தன் இல்லையே என்று வழக்குக்கே நிற்கிறது. பொறுமையாகப் பேசியது யார் தெரியுமா? அவனுக்கு ஆறுதல் சொல்ல வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். அவர்களும் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதர்கள்தான். அப்புறம் வாயைத் திறந்தார்கள். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருந்தால் அதற்கான பலனை அனுபவித்தார்கள் என்கிறான் பில்தாத். எட்டாம் அதிகாரம், எடுத்துப் பார். நம் பெரியவர் அச்சு அசல்.

கடைசியில் கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேசும்போது, பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று ஆரம்பித்து, மனுஷன் இல்லாத வனாந்தரத்தில் பெய்கிற மழை, காட்டுக்கழுதை, நெருப்புக்கோழி என்று போய்க்கொண்டே இருக்கிறார் (நெருப்புக்கோழி வந்ததும் உன் நினைவுதான், ஏன் என்று எழுத மாட்டேன்). ஏன் இந்தக் கஷ்டம் என்று மட்டும் சொல்லவே இல்லை. யோபைச் சோதித்துப் பார்க்கப் பரலோகத்தில் சாத்தானோடு நடந்த பேச்சு நமக்குத் தெரியும், யோபுக்குக் கடைசிவரை தெரியாது. இது எனக்கு இன்னும் ஆறவில்லை டி. ஆனால் கர்த்தரின் கோபம் யார் மேல் மூளுகிறது? அவருக்காக வாதாடிய மூன்று பேர் மேல். என்னைப்பற்றி நிதானமாய்ப் பேசியது யோபுதான், பலியிட ஏழு காளையும் ஏழு ஆட்டுக்கடாவும் அவனிடம் கொண்டுபோங்கள், அவன் உங்களுக்காக ஜெபிப்பான் என்கிறார். அந்தக் கணக்கில் பெரியவர் ரோசி வீட்டுக்குத் திரும்பி வந்து "எனக்காக ஜெபம் பண்ணும்மா" என்று நிற்க வேண்டும். நடக்கிற காரியமா!

இன்னொன்று. யோபின் ஆடு 7,000 போய் 14,000 வந்தது, ஒட்டகம் 3,000 போய் 6,000. பிள்ளைகள் மட்டும் பழையபடி பத்து. புதுப் பெண்கள் மூவருக்கும் பேர் கூட எழுதியிருக்கிறது, எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். செத்துப்போன பத்துப் பேரின் பேர் எங்கே? அவர்களுடைய அம்மா, யோபின் மனைவி, தேவனைத் தூஷித்துச் செத்துப்போ என்று அவனிடம் ஒரே ஒரு வரி பேசினாள், அதற்கு இன்றுவரை பிரசங்கத்துக்குப் பிரசங்கம் வசவு வாங்குகிறாள். அவளும்தானே பத்தையும் சுமந்து பெற்றாள்?

நீ ஊருக்கு வரும்போது முதலில் ரோசி வீட்டுக்குப் போ. போன் பண்ணாதே, அவள் எடுப்பதில்லை. மதியம் போனால் கூட்டம் இருக்காது, சாப்பாடு நீயே கொண்டுபோ, அவள் சமைக்கிறதில்லை.

உன்,
தங்கம்